முப்பத்தொரு பேரின் ரத்தம்

சலவைக்கூடத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று பதினைந்து வருஷத்துக்கு முன்பு யாரோ வைத்த பட்டப்பெயர், அவளுடைய சொந்தப் பெயரை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. மேலாளர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து அவள் பெயரைக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார் என்று பெண்கள் ஒரு நொடி முழிப்பார்கள்.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்ததல்ல. பன்னிரண்டு வயதில் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் வரைந்த மீன்கொத்திப் படத்தைப் போட்டிக்கு அனுப்புவதாகச் சொல்லி ஓவிய ஆசிரியை வாங்கிக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்து அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது, ஆசிரியையின் மகள் பெயரில். வீட்டுக்கு வந்து அழுதவளிடம் அப்பா, "போனாப் போகுது, இன்னொண்ணு வரைஞ்சுக்கோ" என்றார். அவள் வரையவில்லை. அதற்குப் பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட யார் கையிலும் சும்மா கொடுத்ததில்லை.

வாய்த்த கணவர் பூட்டுக்காரர். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சின்னக் கடை, தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி போடுகிற வேலை. "ஊர்ப் பூட்டையெல்லாம் ரெண்டு நிமிஷத்துல திறந்துடுறேன். வீட்ல ஒரு பூட்டு இருக்கு, இருபது வருஷமா அசைய மாட்டேங்குது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும், "அது சரி, காலையில பச்சைச் சட்டைக்காரன் ஒருத்தன் அரை மணி நேரம் நின்னுட்டிருந்தானே, யாரு அவன்?" என்று ஆரம்பிப்பாள்.

பெரிய மருத்துவமனையின் பின்சுவரை ஒட்டி இருந்தது சலவைக்கூடம். மருத்துவமனைக்குச் சொந்தமில்லை; ஒப்பந்தக்காரருடையது. வார்டுகளிலிருந்து படுக்கை விரிப்புகளும் அறுவை அறைத் துணிகளும் நீலப் பைகளில் கட்டி வரும். துருவிக்கு வேலை பிரிக்கிற மேசையில். பையை அவிழ்த்து, ரத்தம் பட்டதை ஒரு பக்கம், படாததை ஒரு பக்கம் தள்ள வேண்டும். துணியோடு துணியாக என்னவெல்லாமோ வரும். பல் செட் வந்திருக்கிறது, கைப்பேசி வந்திருக்கிறது. அடிக்கடி வருவது ஊசி. உதறும்போது சுருக்கென்று தைத்தால்தான் இருந்ததே தெரியும். விரலைக் குழாயில் காட்டிவிட்டு அடுத்த பையை அவிழ்ப்பார்கள்.

கொதிநீர்க் குழாய் வெடித்து ஒருத்திக்குக் கை வெந்த வருஷம் பெண்கள் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை, பதினொரு பிளாஸ்டிக் நாற்காலி, புதன்கிழமை மத்தியானம் கூட்டம். தலைவி, மடிக்கிற பகுதியில் இருந்த பெரியக்கா. அதற்கு முந்தின பத்து வருஷம் அவளும் பிரிக்கிற மேசையில்தான் நின்றாள். செயலாளர் துருவி. அவளைத் தவிர வேறு யாரையும் போட்டிருக்க முடியாது. வரவேற்பு மடலைக்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறவள்.

அந்த அறைக்குத்தான் ஒரு புதன்கிழமை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியையும் நாலு மாணவர்களும் படியேறி வந்தார்கள்.

துருவி எழுந்திருக்கவில்லை. "மேலாளர்கிட்ட சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்லைங்க. சங்கத்தைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றார் பேராசிரியை. "இவங்க நோயைப் பத்தி நிறைய படிச்சுட்டாங்க. ஒருத்தருக்கு நோய் ஏன் வருது, வராம இருக்க யார்கிட்ட போய் என்ன கேட்கணும், அதெல்லாம் புத்தகத்துல இல்ல. உங்களை மாதிரி சங்கத்தோட சேர்ந்து வேலை செஞ்சு, உங்களோட நின்னு குரல் கொடுக்கக் கத்துக்கணும். ஆறு மாசம். வாரம் ஒரு நாள்."

"குரல் எங்ககிட்டயே இருக்கு, டாக்டரம்மா. காதுதான் யார்கிட்டயும் இல்ல." துருவி மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "இதுக்கு மார்க் உண்டா?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலை நிலைவாசலில் இடிக்கிற அளவு உயரமாக இருந்த பையன்தான், "உண்டுங்க. நூத்துக்கு இருபது" என்றான்.

"ஆக, எங்க உடம்பு இருபது மார்க்கு."

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். துருவி சிரிக்கவில்லை. அவளுக்குள் ஏழு வருஷத்துக் கோபம் இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே கல்லூரியிலிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு இளம் டாக்டர் சலவைக்கூடத்துக்கு வந்தார். முப்பத்தொரு பெண்களை வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்தார். ஆளுக்கு ஒரு சோப்பும் பேனாவும் கொடுத்தார். ரெண்டு வாரத்தில் முடிவு வரும் என்றார். ரெண்டு வாரம் போய், ரெண்டு மாதம் போய், ரெண்டு வருஷமும் போயிற்று. அதற்குள் இஸ்திரி உருளையில் வேலை பார்த்த ஒருத்தி கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்லீரல் என்றார்கள். முடிவு வந்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்று கேட்க ஆளில்லை.

இதை அப்படியே வந்தவர்களிடம் சொன்னாள். "முதல்ல எங்க ரத்தத்துக்குப் பதில் கொண்டு வாங்க. அப்புறம் சேர்ந்து நிக்கிறதைப் பத்திப் பேசலாம்."

மாணவர்கள் மும்முரமாகக் குறித்துக்கொண்டார்கள். பேராசிரியை மட்டும் குறிக்கவில்லை. கைப்பையின் வாரை ஒருதரம் இறுக்கிப் பிடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். துருவி அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்தம்மாவுக்கு ஏதோ தெரியும்" என்றாள் வீட்டில்.

"உனக்கு உன் நிழலைப் பார்த்தாலே, எதுக்குப் பின்னாடி வருதுன்னு தோணும்" என்றார் பூட்டுக்காரர்.

நாலு வாரம் ஓடியது. புதன்தோறும் மாணவர்கள் வந்தார்கள். வெறும் கையோடு வந்தார்கள். அந்தத் துறையில் கேட்டால் இந்தத் துறை என்கிறார்களாம், இங்கே கேட்டால் அங்கே. துருவிக்கு ஆச்சரியமே இல்லை. நாலு பேரில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் சும்மா உட்காராமல் எந்நேரமும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். பெண்கள் அவளைக் கண்ணாடி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

"என்ன எழுதுறே? கொடு பார்ப்போம்" என்று ஒருநாள் துருவி கையை நீட்டினாள்.

அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். பிரிக்கிற மேசையின் படம், பை வருகிற வழி, எந்த வார்டுப் பையில் எத்தனை ஊசி என்று பெண்கள் சொன்ன கணக்கு. யாருடைய பெயரும் இல்லை. துருவி ரெண்டுதரம் புரட்டினாள். குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தலாக இருந்தது. இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவள் இன்னொரு நோட்டும் வைத்திருப்பாளோ?

"படம் போட்டா போதாது. ஒருநாள் மேசைக்கு வந்து நில்லு" என்றாள்.

கண்ணாடி வந்தாள். ரெண்டு கையுறை போட்டுக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை பை அவிழ்த்தாள். பதினோராவது பையில் விரிப்பை உதறியபோது ஊசி ஒன்று பறந்து அவள் காலடியில் விழுந்தது. "இப்படித்தான் தினமுமா?" என்றாள். அடுத்த பையை அவள் பக்கம் தள்ளினார்கள்.

ஆறாவது வாரம், புதன்கிழமை இல்லாத ஒரு நாளில், கண்ணாடி தனியாகச் சலவைக்கூட வாசலில் வந்து நின்றாள். கையில் ரெண்டு நகல் தாள். நூலகத்தின் அடித்தளத்தில் பழைய ஆய்வேடுகளுக்கு நடுவே கிடைத்ததாம். முதுகலைப் பட்டத்துக்காக அந்த இளம் டாக்டர் எழுதியது.

"பின்னாடி பட்டியல் இருக்கு. முப்பத்தொரு எண். நாலு எண்ணுக்கு நேரா கூட்டல் குறி. பி வகைக் கிருமி, கல்லீரலைத் தாக்குறது. ஒன்பது, பன்னிரண்டு, இருபத்துமூணு, இருபத்தாறு."

"பேரு?"

"பேர் எழுதின பதிவேட்டை அஞ்சு வருஷம் கழிச்சு அழிச்சுட்டாங்களாம். எந்த எண் யாருன்னு இப்ப யாருக்கும் தெரியாது."

துருவி தாளை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தாள். "வழிகாட்டின்னு போட்டிருக்கே, அது யாரு? பேர் மங்கலா இருக்கு, நீயே படி."

கண்ணாடி தாளை வாங்கத் தயங்கினாள்.

"படி."

படித்தாள். பேராசிரியையின் பெயர்.

துருவிக்குக் கோபத்தைவிட முதலில் வந்தது ஒருவித நிம்மதி. நினைத்தது சரிதான். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. "உன் மார்க்கு அந்தம்மா கையிலதானே இருக்கு? பின்னே ஏன் இதை என்கிட்ட கொண்டு வந்தே?"

"நீங்க கேட்டீங்களே" என்றாள் கண்ணாடி.

அன்று சாயங்காலம் துருவி வீட்டு அலமாரியின் அடித்தட்டைத் திறந்தாள். பழைய விரிப்புக் கணக்கு நோட்டுகள் அங்கே அடுக்கி இருந்தன. மேலாளர் எப்போது எதைத் திருத்துவார் என்று சொல்ல முடியாது என்பதால் ஒன்றையும் அவள் எறிந்ததில்லை. ரத்தம் எடுத்த அன்று, டாக்டர் ஒவ்வொரு குழாயிலும் எண் எழுதியபோது, அவள் பக்கத்தில் நின்று யாருக்கு என்ன எண் என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருந்தாள். எதற்கு என்று அன்று அவளுக்கே தெரியாது. பழக்கம்.

பன்னிரண்டு, செத்துப்போன இஸ்திரிக்காரி. இருபத்துமூணு, வேலையை விட்டு மகனோடு வேறு ஊருக்குப் போனவள். ஒன்பது, சலவைக்கூடத்திலேயே வேலை பார்க்கிற துருவியின் தம்பி மனைவி. இருபத்தாறு, பெரியக்கா.

நோட்டை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணாடி ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தாள். "யாருன்னு தெரிய வந்தாலும் கூட்டத்துல வெச்சு சொல்லிடாதீங்க. அவங்கவங்ககிட்ட தனியா, அவங்களுக்கு மட்டும். கேட்க மாட்டேன்னு சொல்லவும் அவங்களுக்கு உரிமை இருக்கு." அப்போது துருவி அதை டாக்டர் பேச்சு என்று தள்ளிவிட்டாள். இப்போது அதன் கனம் தெரிந்தது.

தம்பி மனைவியிடம் ரெண்டாம் நாளே சொல்லிவிட்டாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "ஏழு வருஷமாவா, அண்ணி? எனக்குள்ளயேவா?" என்றாள். அப்புறம் மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

பட்டியலில் நாலு கூட்டல் குறி இருப்பதை மட்டும் சங்கத்தில் சொன்னாள், யார் யார் என்று சொல்லவில்லை. பெரியக்காவிடம் சொல்ல நா எழவில்லை. ஒரு வாரம் போயிற்று. பெரியக்காவுக்குப் போன வருஷத்திலிருந்தே சோர்வு. சாப்பாடு செல்லவில்லை என்பாள். அவளைக் கண்டால் துருவி வேறு பக்கம் நடந்தாள். தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறேன், அந்த டாக்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று மனசு குடைந்தது.

கடைசியில் பெரியக்காவே தேநீர் வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு வாரமா என் முகத்தை நீ ஏறெடுத்துப் பார்க்கல. நீ முகம் பார்த்துப் பேசாத ஆளா? சொல்லு. அந்த நாலுல நான் ஒருத்தியா?"

ஆமாம் என்று துருவி தலையை ஆட்டினாள்.

"அதைச் சொல்ல ஏழு நாளா?"

"கேட்க மாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு..."

"சொல்லியிருப்பேன்தான்" என்றாள் பெரியக்கா. "அதுக்காக என்னை ஒரு வார்த்தை விசாரிக்காமலே இருந்துடுவியா?"

துருவி சொல்லி அனுப்ப, பேராசிரியை அடுத்த புதன்கிழமை மாணவர்கள் இல்லாமல் தனியாக வந்தார். அறையில் துருவியும் பெரியக்காவும் மட்டும் இருந்தார்கள்.

"தெரிஞ்சேதான் எங்ககிட்ட வந்தீங்களா?" துருவி நேராகவே கேட்டாள்.

"ஆமாம். சங்கங்களோட பட்டியல்ல உங்க சலவைக்கூடத்துப் பேரைப் பார்த்ததும் நானேதான் தேர்ந்தெடுத்தேன்."

"முதல் நாளே ஏன் சொல்லல?"

"பயம். முடிவு வந்ததும் மேலாளருக்குக் கடிதம் போட்டேன். அவர் உங்களுக்குச் சொல்லுவார்னு நினைச்சேன். அப்புறம் நான் ஒருதரம்கூட விசாரிக்கல. அது என் தப்பு" என்றார்.

"எங்க ரத்தத்துக்கு மேலாளருக்கா கடிதம்?"

பேராசிரியை கோப்பிலிருந்து ஒரு நகலை எடுத்து வைத்தார். துருவி அதை வெளிச்சத்தில் பிடித்து மேலும் கீழும் பார்த்தாள். தேதி இருந்தது. கையெழுத்து இருந்தது. அனுப்பியதற்கான எண்ணோ முத்திரையோ இல்லை.

"இது போச்சா, இல்ல கோப்புலயே தூங்குச்சா?"

"போயிருக்கும்னுதான் நினைக்கிறேன்."

துருவி நகலைத் திருப்பிக் கொடுக்காமல் மடித்து வைத்துக்கொண்டாள்.

அந்தம்மாவை விரட்டிவிடலாம் என்றுதான் பாதிப் பெண்கள் சொன்னார்கள். துருவி வேறு மாதிரி யோசித்தாள். குற்ற உணர்ச்சியோடு வருகிறவர் நாளைக்கு மனசு மாறலாம், ஆனால் இன்றைக்கு உபயோகம். மருத்துவமனை நிர்வாகக் குழுவின் முன்னால் போய் நிற்கத் தேதி வாங்கச் சொன்னாள். பேராசிரியை வாங்கிக் கொடுத்தார். மாணவர்கள் ஊசிக் கணக்கை வார்டு வாரியாக ஒரே தாளில் போட்டார்கள். அந்தக் கிருமிக்கான தடுப்பூசியைப் பற்றி எளிமையாக எழுதிக் கொண்டுவந்தார்கள். எழுதியதை ஒவ்வொரு வரியாகச் சங்கத்தில் படித்துக் காட்ட வேண்டும், பெண்கள் ஒத்துக்கொள்ளாத வரியை அடிக்க வேண்டும் என்பது துருவி போட்ட விதி. 'பாவப்பட்ட பெண்கள்' என்று நெட்டைப் பையன் எழுதிய வரியைப் பெரியக்கா தன் கையாலேயே அடித்தாள்.

"குழு முன்னாடி நாங்கதான் பேசுவோம். மருத்துவ விஷயம் கேட்டா மட்டும் நீங்க வாயைத் திறங்க" என்று துருவி சொன்னபோது கண்ணாடி, "நாங்க அங்க எதுக்குத்தான் வர்றோம்?" என்று கேட்டாள்.

"சாட்சிக்கு. நாளைக்கு யாரும் பேச்சை மாத்தக் கூடாது பாரு."

குழுவின் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் நிர்வாகி, கண்காணிப்பாளர், ஓரத்தில் சலவைக்கூட மேலாளர். துருவி ஊசிக் கணக்கைச் சொன்னாள். அறுவை வார்டில் ஊசியைப் போட மூடி வைத்த பெட்டி ரெண்டே ரெண்டு என்று சொன்னாள். நிர்வாகி தாளைப் புரட்டிவிட்டு, "முப்பத்தொண்ணுல நாலுதானே? வெளியிலயும் இந்த நோய் இருக்கே. இங்கதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார்.

துருவி பதில் தேடுவதற்குள் பெரியக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் பேசுவதாக ஏற்பாடே இல்லை.

"அந்த நாலுல ஒண்ணு நான். பத்து வருஷம் உங்க வார்டுத் துணியைப் பிரிச்சிருக்கேன். எத்தனை ஊசி தைச்சதுன்னு என்னால சொல்ல முடியாது, அத்தனை. எங்கிருந்து வந்துச்சுன்னு நான் நிரூபிக்க மாட்டேன், ஐயா. ஏழு வருஷம் என்கிட்ட ஏன் சொல்லலன்னு நீங்க சொல்லுங்க."

பேராசிரியை எழுந்து, "அந்த ஆய்வுக்கு வழிகாட்டி நான். சொல்லாமல் விட்டதும் நான்" என்றார். மேலாளருக்குக் கடிதம் போட்டதையும் சொன்னார். மேலாளர், தன் கைக்கு அப்படியொரு கடிதம் வரவே இல்லை என்று அடித்துச் சொன்னார். துருவி ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று அன்றும் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. எல்லா வார்டிலும் ஊசிப் பெட்டி வந்தது. பிரிக்கிற மேசைக்குத் தடித்த கையுறை, மூன்று தரம் ஞாபகப்படுத்திய பிறகு வந்தது. சலவைக்கூடப் பெண்கள் அத்தனை பேருக்கும் சோதனை செய்து, வேண்டியவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போட்டார்கள். ரத்தம் எடுத்தால் முடிவைச் சம்பந்தப்பட்டவர் கையிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று கல்லூரி விதி எழுதியது. தம்பி மனைவி தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். அவள் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் இல்லை. பெரியக்காவின் கல்லீரல் பாதி கெட்டிருந்தது. மருந்தில் இருக்கிறாள். மடிக்கிற வேலையை உட்கார்ந்தே செய்ய அனுமதி வாங்கியிருக்கிறாள். ஊசி வருவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

பேராசிரியை வருஷா வருஷம் புது மாணவர்களை அனுப்புகிறார். துருவி அவர்களை உட்காரச் சொல்கிறாள், ஆனால் முதல் மாதம் எதையும் நம்புவதில்லை.

மிச்சம் இருந்தது இருபத்துமூணு, வேறு ஊருக்குப் போனவள். கண்ணாடி ரெண்டு கடிதம் போட்டாள்; திரும்பி வந்தன. யாரோ ஒருவர் மூலம் தொலைபேசி எண் கிடைத்தது. துருவியே பேசினாள்.

"உன் ரத்தத்தைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கியதும் அந்தப் பக்கம் இருந்தவள், "யாரு நீங்க? என்ன விக்கிறீங்க?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துருவியும், அதற்குள் டாக்டராகியிருந்த கண்ணாடியும் நாலு மணி நேரம் பேருந்தில் போனார்கள். மூன்றாவது மாடி. கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"யார் அனுப்பினாங்க உங்களை?"

"யாரும் அனுப்பல. நான்தான், சலவைக்கூடத்துத் துருவி."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு? கையில என்ன காகிதம்? அந்தப் பொண்ணு யாரு?"

கண்ணாடி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துருவிக்குக் கோபம் வரவில்லை. கேட்கிறவள் ஒவ்வொன்றையும் சரியாகத்தான் கேட்கிறாள் என்று பட்டது. காகிதத்தைக் கதவிடுக்கின் வழியாக உள்ளே நீட்டினாள்.

"முழுசாப் படி. அவசரமில்ல. நாங்க படியில உட்கார்ந்திருக்கோம்."

ரெண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துச் சங்கிலி விழும் சத்தம் கேட்டது.